ஐம்பதுக்குள் அடங்கிய கருமேடு

அமலோற்பவம் என்கிற அமலி கருமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள் தோள்பையில் ஒரு கேமராவும் மூன்று லென்ஸும் இருந்தன. அந்த மூன்றில் எதை மாட்டுவது என்பதில்தான் ஒரு ஊரின் போக்கும் வரவும் தூக்கமும் அடங்கிக் கிடக்கப்போகிறது என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது, பஸ்காரனுக்குத் தெரியாது, அவளுக்குத் தன் வீட்டின் முன்னறையை ஒழித்துக் கொடுத்த பவுன்தாய்க்கும் தெரியாது.

தூத்துக்குடியில் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவள் அமலி. கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, மாப்பிள்ளை தாடையை இறக்குங்க, அத்தை இந்தப் பக்கம் வாங்க என்று ஆட்களைக் கட்டத்துக்குள் அடுக்கி அடுக்கி ஒருநாள் அவளுக்கு அலுத்துப்போனது. இனிமேல் நம் பேச்சைக் கேட்காத எதையாவது எடுப்போம் என்று மரமும் பறவையும் தேடி மலைமலையாகப் போக ஆரம்பித்தாள். அவள் வைத்திருந்தது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. காட்டுக்குப் போகிறவளுக்குப் பீரங்கி மாதிரி லென்ஸ் வேண்டுமே, இந்தக் கேமராவில் அதையெல்லாம் மாட்டவே முடியாதே என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. மற்றக் கேமராக்களில் லென்ஸ் வழியாகவே பார்க்க வேண்டும், படத்துக்குள் வருவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இதில் அப்படி இல்லை. ஓரமாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதில் உலகம் பாட்டுக்கு விரிந்து கிடக்கும், நடுவே வெள்ளையாக நாலு கோடு மிதக்கும். கோட்டுக்குள் இருப்பது படம். கோட்டுக்கு வெளியே இருப்பது இனி உள்ளே வரக்கூடியது. அந்த வெளியும் சேர்ந்து தெரிவதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவளிடம் இருந்தவை இருபத்தெட்டு, ஐம்பது, தொண்ணூறு மில்லிமீட்டர் லென்ஸ்கள், லென்ஸை மாற்றினால் கோடு தானாக மாறும். இருபத்தெட்டை மாட்டினால் கோடு ஜன்னலின் விளிம்புவரை விரிந்து மலை, மேகம், ஓடை எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும், ஆனால் அதில் ஒரு பறவை கடுகளவுதான். தொண்ணூறை மாட்டினால் கோடு சுருங்கித் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடும், பறவையின் இமை தெரியும், அது எந்த ஊர்ப் பறவை என்று தெரியாது. தொண்ணூறு பித்தளை உடம்பு, மூன்றிலும் அதுதான் கனம். ஐம்பது இரண்டுக்கும் நடுவில், அவசரமில்லாமல் பார்க்கிற கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு காட்டும்.

தேயிலை எஸ்டேட் ஊரான கருமேட்டில் காளியம்மன் கோயிலை ஒட்டி முள்காய் காய்க்கிற ஒரு வெடிப்பலா மரம், அதன் உச்சிப் பொந்துக்குள் ஒரு பெட்டை இருவாச்சிப் பறவை. முட்டை வைக்கிற காலத்தில் இருவாச்சி பொந்துக்குள் புகுந்து, வாசலைச் சேற்றாலும் எச்சத்தாலும் தானே பூசி அடைத்துக்கொள்ளும், அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும், அதன் வழியே ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். அதைப் படமெடுக்க வந்தவள்தான் அமலி. தேயிலைச் சரிவுக்கு எதிரே இருந்த பாறையில் ஏறி, முக்காலியை விரித்து, மூன்று லென்ஸையும் துணியில் பரப்பி வைத்து ரொம்ப நேரம் யோசித்தாள். பறவையும் வேண்டும், அது யார் பக்கத்தில் குடியிருக்கிறது என்பதும் வேண்டும் என்று கடைசியில் ஐம்பதை மாட்டினாள். இந்தக் கேமராவில் தூரம் சரியாகாதவரை எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அவள் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு வெடிப்பலா மரமும் மெல்ல நகர்ந்து வந்து ஒரே மரமாகப் பொருந்தின. பொருந்திய அந்த நொடியில் ஜன்னலுக்குள் இருந்த நாலு கோடும் நிலத்தில் விழுந்தன.

முதலில் கண்டுபிடித்தவை ஆடுகள். மேய்ந்துகொண்டே போன ஆடு ஒன்று மூக்கு இடித்து நின்றது. அதன் காலடியில் விரல் பருமனுக்கு ஒரு வெள்ளைக் கோடு தேயிலைக்கு ஊடாக ஓடி, ரேஷன் கடையின் பின்சுவரைச் சுற்றி, பஸ் நிற்கிற இடத்தை வெட்டி, அமலி இருந்த பாறைக்குக் கீழே ஒரு மூங்கில் கழி எட்டுகிற தூரத்தில் திரும்பி, தொழிலாளர்களின் லயன் வீடுகளையும் கோயிலையும் தண்ணீர்த் தொட்டியையும் உள்ளே வைத்துக்கொண்டு மூடியது. மேலேயும் ஒரு கோடு இருக்கிறது என்பதைக் காக்கைகள் கண்டுபிடித்தன. மத்தியானத்துக்குள் ஊருக்குச் சட்டம் புரிந்துவிட்டது. மூச்சுள்ளது தாண்டாது, மூச்சில்லாதது தாண்டும். இலை மூட்டை உருண்டு வெளியே போனது, அதை உருட்டியவன் உள்ளேயே நின்றான்.

பவுன்தாய் கோட்டோரம் வந்து இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள். "தங்கச்சி, இது உன் பெட்டியில இருந்து வந்ததா?"

"அப்படித்தான் தெரியுது அக்கா. நான் எடுத்துடறேன்."

அமலி கேமராவின் மேல் கை வைக்கும்போது பவுன்தாய்க்குப் பின்னாலிருந்து இசக்கியப்பன் கையை உயர்த்தினார். தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலைக்காரர், அதிர்ந்து பேசாதவர். போன மழைக்காலத்தில் விடியற்காலையில் ஒதுங்கப் போன அவர் மனைவி ரஞ்சிதத்தை வேலியோரம் யானை மிதித்துப்போட்டிருந்தது.

"இன்னைக்கு ஒரு பொழுது இருக்கட்டும்மா" என்றார். "சாயங்காலம் அதுங்க வரும். அதுங்களுக்கும் இது சுவர்தானான்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் யானைகள் வந்தன. வழக்கமாக ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசி தின்கிற கூட்டம் கோட்டில் நெற்றி முட்டி நின்றது, தும்பிக்கையால் காற்றைத் தடவித் தடவிப் பார்த்தது, பிறகு திரும்பிக் காட்டுக்குள் போனது. அன்றைக்குக் கருமேட்டுப் பெண்கள் துணைக்கு ஆள் தேடாமல் இருட்டில் வெளியே போய் வந்தார்கள். மறுநாள் காலையில் ஊரே பாறையைப் பார்த்து நின்று, இன்னும் ஒரு வாரம் என்றது. இசக்கியப்பன் எதுவும் கேட்கவில்லை, மேலே பார்த்துக் கும்பிட்டார். அமலி கேமராவிலிருந்து கையை எடுத்தாள்.

ஒரு வாரம் என்பது எந்த ஊரிலும் ஒரு வாரத்தோடு நிற்பதில்லை. பஸ் கோட்டுக்கு வெளியே நின்று ஆரன் அடித்தது, உறவுக்காரர்கள் இறங்கி வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கதை பேசிவிட்டு அதே பஸ்ஸில் போனார்கள். அரிசியும் மண்ணெண்ணெயும் செல்போன் கார்டும் உள்ளே வந்தன. ஊரில் நிச்சயமாகியிருந்த ஒரு கல்யாணத்தைத் தள்ளிப்போட மனமில்லாமல் மாப்பிள்ளையை வெளியேயும் பெண்ணை உள்ளேயும் உட்கார வைத்தார்கள். தாலிக்கு மூச்சில்லாததால் அது தாண்டியது, அவன் முடிச்சிட்டுக் கொடுக்க உள்ளிருந்த அத்தை முறைக்காரி வாங்கிப் பெண்ணின் கழுத்தில் போட்டாள், அதற்குப் பிறகு இருவரும் கோட்டின் இரண்டு பக்கமும் பாய் விரித்து விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்குள்ளிருந்து முதலில் வெளியே போன மனிதர் ஆஸ்துமாவில் செத்துப்போன ஒரு கிழவர். பாடையை உள்ளேயிருந்து நீட்ட, மகன்கள் வெளியேயிருந்து வாங்கிக்கொண்டார்கள், சுடுகாட்டுக்குப் போக முடியாத அவர் மனைவி கோடு முடிகிற இடம்வரை நடந்து, அங்கேயே நின்று, புகை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். எஸ்டேட் நிர்வாகத்துக்கு இதில் வருத்தம் இல்லை. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த ஆட்கள் இப்போது ஓட முடியாமல் ஒழுங்காக இலை பறித்தார்கள்.

கோட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவள் அமலி ஒருத்திதான். படம் எடுப்பவள் எந்தப் படத்திலும் இருப்பதில்லை, இதிலும் இல்லை. அவள் போகலாம், யாரும் பிடித்து வைக்கவில்லை, ஆனால் கேமரா இம்மி அசைந்தால் கோடும் அசையும். ஒருநாள் காற்றில் முக்காலி ஆடி கோடு நாலு வீட்டுக் கோழிகளை வெளியே தள்ளிவிட்டது, அன்றைக்குச் சாயங்காலம் நரிக்குக் கொண்டாட்டம். அதற்குப் பிறகு எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் குடியிருந்த இசக்கியப்பனின் தம்பி கொத்தனார்களைக் கூட்டிவந்து முக்காலியின் மூன்று காலையும் பாறையோடு சேர்த்து சிமெண்டில் புதைத்தார். மழை படக் கூடாதென்று தகரக் கூரை போட்டார். யானை வந்துவிடக் கூடாதென்று அமலியையும் கேமராவையும் சேர்த்துச் சுற்றிக் கல்லும் மண்ணும் குழைத்துச் சுவர் எழுப்பினார். சுவர் எழும்போது அவள் உள்ளே இருந்து கல் எடுத்துக் கொடுத்தாள், தனக்காக ஒருவர் இவ்வளவு பாடுபடும்போது சும்மா நிற்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"கதவு எங்கண்ணே?"

"கதவு வச்சா அதைத்தான் முதல்ல தள்ளும்மா. பின்னால சாக்கடைக்கு ஒரு துளை விட்டிருக்கேன். முன்னால லென்ஸுக்கு ஒரு சந்து விட்டிருக்கேன், சோறு அது வழியா வந்துரும்."

அந்தச் சந்து ஐம்பதுக்கு அளவெடுத்து விட்ட சந்து. ஐம்பது பார்க்கிற அளவுதான் அதில் தெரியும், ஒரு விரல்கடை அதிகம் தெரியாது. பவுன்தாய் தினமும் தூக்குவாளியை நீண்ட மூங்கில் கழியில் மாட்டி கோட்டுக்கு மேலாக நீட்டுவாள், அமலி சந்து வழியாகக் கையை விட்டு வாங்கிக்கொள்வாள். சோறு நன்றாக இருக்கும். சில நாள் கருவாட்டுக் குழம்பும் இருக்கும், தூத்துக்குடிக்காரிக்கு அது இல்லாமல் இறங்காது என்று பவுன்தாய்க்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு அமலி ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் நகரச் சொல்லாமலே ஒரு ஊர் கட்டத்துக்குள் அடங்கி நின்றது. ஒரு படம்கூட அவள் எடுக்கவில்லை, விரல் பொத்தானுக்குப் போகவே இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் இருவாச்சியை. பொந்து கோட்டுக்குள் இருந்தது, அத்தி மரங்கள் கோட்டுக்கு வெளியே காட்டில் இருந்தன. கோடு விழுந்தபோது ஆண் பறவை பழம் தேடப் போயிருந்தது. திரும்பி வந்து வானத்தில் மோதி, சிறகைச் சிலுப்பிக்கொண்டு மறுபடியும் மோதியது. பிறகு கோட்டோரத்து மரத்தில் உட்கார்ந்து, தொண்டையில் சேர்த்துக்கொண்டு வந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்கு எடுத்து உள்பக்கம் எறிந்தது. பழத்துக்கு மூச்சில்லை, தாண்டி விழுந்தது. ஆனால் தேயிலைக்கு அடியில்தான் விழுந்தது, பொந்து வெகுதூரத்தில் உயரத்தில் இருந்தது.

விழுந்த பழங்களை முதலில் பொறுக்கியவர் இசக்கியப்பன். மேல்துண்டில் முடிந்துகொண்டு கயிறு போட்டு வெடிப்பலாவில் ஏறினார், காய்முட்கள் கிழித்த கையோடு கீறலுக்குள் ஒரு பழத்தை நீட்டினார். முதல் நாள் பறவை கொத்தியது. அடுத்த நாளும் கொத்தியது. அதற்கடுத்த நாள் வாங்கிக்கொண்டது. அதிலிருந்து காலை ஒருதரம் மாலை ஒருதரம் ஏறினார், ஆண் பறவை எறிய இவர் பொறுக்க, இவர் நீட்ட அவள் தின்ன, பொந்துக்குள் குஞ்சு சத்தம் கேட்கத் தொடங்கியது. கோட்டை எல்லாரையும்விட அதிகமாக விரும்பியவர் அவர்தான், அந்தக் கோட்டினால் வந்த வேலையை முணுமுணுக்காமல் செய்தவரும் அவர்தான்.

இப்படி இருக்கும்போது பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருந்த பவுன்தாயின் மகளுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டதாகச் செய்தி வந்தது. தலைப்பிரசவம்.

"எனக்கு வழி உண்டா தங்கச்சி?" என்று கீழேயிருந்து கேட்டாள் பவுன்தாய்.

அமலி யோசித்தாள். "சின்னக் கோடு போடுற லென்ஸ் ஒண்ணு இருக்கு அக்கா. அதைப் போட்டா கோடு வீட்டுப் பக்கம் சுருங்கும். நீங்க தேயிலையில நின்னீங்கன்னா வெளியே ஆயிருவீங்க. உடனே திரும்ப ஐம்பதைப் போட்டுடறேன்."

ஊரார் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுப் பக்கம் வந்து நிற்க, பவுன்தாய் ஒரு பையோடு தேயிலைக்குள் தனியே நிற்க, அமலி ஐம்பதைக் கழற்றித் தொண்ணூறை மாட்டினாள். கோடு இழுத்துக்கொண்டு ஓடி வந்து லயனையும் கோயிலையும் வெடிப்பலாவையும் மட்டும் சுற்றி நின்றது. பவுன்தாய் பஸ்ஸைப் பார்த்து ஓடினாள். ஆனால் தேயிலை இப்போது கோட்டுக்கு வெளியே கிடந்தது. அதை அறிந்தது போல ஒரு கொம்பன் யானை சோலையிலிருந்து இறங்கி வந்து தண்ணீர்த் தொட்டியில் துதிக்கையை விட்டு நிதானமாகக் குடித்தது. அது போகும்வரை ஐம்பதைப் போட முடியாது, போட்டால் அது உள்ளே ஆகிவிடும். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது போய், கோடு பழையபடி விரிந்தபோது யாருக்கும் நிம்மதி வரவில்லை. அவ்வளவு தேயிலையும் அவ்வளவு வெளியும் தங்களோடு உள்ளே இருப்பதே அவர்களுக்கு இப்போது பயமாக இருந்தது.

அடுத்த நாள் கோயில் முன்னால் கூடினார்கள். கோடு பக்கத்தில் இருந்தபோதுதான் தெம்பாக இருந்தது என்றார் ஒருவர். இலை பறிக்கக் கீழ் டிவிஷன் ஆட்கள் வரட்டும், நமக்கு வீடு போதும் என்றார் இன்னொருவர். தொண்ணூறையே போட்டு வைத்துவிடச் சொல்வது என்று முடிவானது. அதைவிடச் சின்னது இருக்கிறதா என்றும் கேட்டு வரச் சொன்னார்கள். கேட்க வந்தவர் இசக்கியப்பன்.

அமலி சந்து வழியாக அவர் முகத்தைப் பார்த்தாள். மரமேறி மரமேறி இளைத்திருந்தார்.

"நூத்தி முப்பத்தஞ்சுன்னு ஒண்ணு கடையில உண்டு. அதைப் போட்டா கோயிலும் நீங்களும் மட்டும்தான். அதுக்கு மேல இந்தக் கேமராவால சுருக்க முடியாது அண்ணே."

"ம்" என்றார். திரும்பி வெடிப்பலாவைப் பார்த்தார். "அது பொந்தை உடைச்சுட்டு வெளியே வந்துருச்சும்மா. இப்ப, கொஞ்ச நேரம் முந்தி."

அமலி ஜன்னலில் கண்ணை வைத்தாள். வெடிப்பலாக் கிளையில் பெட்டை இருவாச்சி அழுக்காக, வால் இறகு கோணி, வெளிச்சத்துக்குக் கண் கூச உட்கார்ந்திருந்தது. பிறகு அதன் சிறகுச் சத்தம் சரிவு முழுக்கக் கேட்டது. நேராகப் போய்க் கோட்டில் மோதி, சுழன்று, கோட்டோரத்து மரத்தில் இந்தப் பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்துக் கிளையில் அவன் இருந்தான். அலகிலிருந்த பழத்தை அவன் எறியவில்லை, நீட்டினான். அலகு கோட்டில் முட்டி நின்றது.

இசக்கியப்பன் மறுபடியும் சந்துப் பக்கம் திரும்பினார்.

"பெரிய கோடு போடுறதும் ஒண்ணு வச்சிருக்கியாம்மா?" என்றார் இசக்கியப்பன்.

"இருபத்தெட்டு. அதைப் போட்டா காடு, ஓடை, அத்தி எல்லாம் உள்ளே வந்துரும். யானையும் உள்ளே வந்துரும். அப்புறம் கோடு இருக்கறதும் இல்லாததும் ஒண்ணுதான்."

"தெரியும்."

"ஊர் என்கிட்ட வேற சொல்லச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கு."

"ஊருக்கு நான் சொல்லிக்கிறேன். நான் சொன்னா கேப்பாங்க, ரஞ்சிதம் புருஷன்ல." போகத் திரும்பியவர் நின்று, "இவ்வளவு நாள் தூங்குனேன்மா. நல்ல தூக்கம். அது பொய் இல்ல" என்றார்.

அவர் திரும்பிப்போன பிறகு அமலி இருபத்தெட்டை எடுத்து மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கோடு விரியப் பார்த்தது, சந்தின் விளிம்புச் சுவரில் நாலு பக்கமும் முட்டி நின்றது. ஐம்பதுக்கு அளவெடுத்த சந்து இருபத்தெட்டுக்குப் போதவில்லை, ஜன்னலில் பாதிக்கு மேல் மண் சுவர்தான் தெரிந்தது. இவ்வளவு நாள் அந்தச் சுவருக்குள் இருந்தவள் அதை அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். கீழே ஆள் கூடுவது தெரிந்தது. தொண்ணூறு, தொண்ணூறு என்று யாரோ கூப்பிட்டுச் சொன்னார்கள், கோபமில்லாத குரல், சோறு வேண்டுமா என்று கேட்கிற அதே குரல்.

சுற்றிப் பார்த்தாள். சுவரை உடைக்க உள்ளே ஒன்றும் இல்லை, தூக்குவாளி நசுங்கிவிடும். தொண்ணூறு லென்ஸைக் கையில் எடுத்தாள். பித்தளைக் கனம் உள்ளங்கைக்கு எடுப்பாக இருந்தது. நல்ல லென்ஸ், கல்யாண வீடுகளில் எத்தனையோ பெண்களின் கண்ணை எடுத்த லென்ஸ். அதன் முகத்தைக் கீழே திருப்பி சந்தின் விளிம்பில் ஓங்கி அடித்தாள். முதல் அடியில் கண்ணாடி போனது. அதன் பிறகு தயங்க ஒன்றும் இல்லை, மண்ணும் கல்லும் பெயரப் பெயர அடித்தாள், கை விரல்களில் தோல் உரிந்தது, தகரக் கூரையிலிருந்து தூசி கொட்டியது, சந்து ஜன்னலாகி, ஜன்னல் வாசலாகி, எதிரே மலை அதன் முழு அகலத்துக்கும் நின்றது. கோடு சுவரை விட்டு எழும்பித் தேயிலையைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, சோலைக்குள் புகுந்து, மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் எங்கோ போய் விழுந்தது.

இரண்டு இருவாச்சியும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை என்று அவற்றுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவன் பழத்தை அவள் வாயில் வைத்தான். அமலி பொத்தானை அழுத்தினாள். அங்கே இருந்தவரை அவள் எடுத்த ஒரே படம் அது, அதில் இரண்டு பறவையும் கடுகளவுதான்.

பிறகு கேமராவைப் பிடித்திருந்த திருகைக் கழற்றி, முக்காலியைச் சிமெண்டோடு விட்டுவிட்டு, கேமராவை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, உடைந்த சுவரைத் தாண்டி இறங்கினாள். கோடு எங்கே இருந்தது என்று காட்டத் தேயிலையில் ஒரு வெளிறிய தடம் மட்டும் இருந்தது. ஊர் அவளுக்கு வழி விட்டது. யாரும் திட்டவில்லை, யாரும் கும்பிடவும் இல்லை. ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இன்னும் இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன. கோயில் படியில் உட்கார்ந்திருந்த இசக்கியப்பன் நகர்ந்து இடம் கொடுத்தார், அமலி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் தணிந்ததும் யானைகள் வந்தன. நெற்றியை முன்னால் நீட்டி, இல்லாத சுவரைத் தடவித் தடவி, மெதுவாகத் தேயிலைக்குள் வந்தன. பெரியவை, நடுத்தரம், வயிற்றுக்கடியில் ஒதுங்கி வரும் குட்டிகள். லயனுக்கும் கோயிலுக்கும் நடுவே உள்ள பாதையில், கை நீட்டினால் எட்டுகிற நெருக்கத்தில், ஒன்றின் பின் ஒன்றாகக் கடந்தன. இசக்கியப்பன் எழுந்து ஓடவில்லை. ஒவ்வொன்றின் முகத்தையும், ஒவ்வொன்றின் காலையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அமலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி யானை ரேஷன் கடைப் பக்கம் திரும்பி, அதன் பின்சுவர் சரிகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"இதுல எதுன்னு தெரியலம்மா" என்றார்.